புல்லுக்குக் காது கிடையாது

தர்ப்பைக் கட்டிலிருந்து நாலு தாளை உருவி, நுனியைப் பல்லில் கடித்துப் பிடித்துக்கொண்டு, சுலபா லிமயே காக்கை செய்துகொண்டிருக்கிறார். ஒரு மடிப்பில் உடம்பு, ஒரு முறுக்கில் கழுத்து, மிச்சத்தை விரித்து இழுத்தால் வால். கண் மட்டும் வேலையில் இல்லை. படித்துறையில் யார் யார் வந்து இறங்குகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கிறது. செய்து முடித்ததும் அதை இடுப்பில் செருகிக்கொள்கிறார். காலை ஏழு மணிக்கு இதுதான் முதல் வேலை. ஆற்றைக் கும்பிடுவது, தேநீர் குடிப்பது எல்லாம் அப்புறம்தான்.

பக்கத்து மேடையில் காரியம் செய்துவைக்கும் நானா உபாத்யே தினமும் இதைப் பார்த்து முகத்தைச் சுளிப்பார். பல்லால் கடித்து எச்சில் பண்ணியது காரியத்துக்கு ஆகுமா என்று கேட்பார். சுலபாவும் தினமும் ஒரே பதிலைத்தான் சொல்வார்.

"இது காரியத்துக்கு இல்லே, நானா. இடுப்பிலே சும்மா இருக்கறதுக்கு."

பத்தாம் நாள் பிண்டத்தை வைத்துவிட்டு எல்லோரும் தள்ளி உட்கார்ந்து காத்திருப்பார்கள். காக்கை வந்து தொட்டால் போனவருக்கு மனக்குறை இல்லை. தொடாவிட்டால் ஏதோ ஆசை பாக்கி இருக்கிறது. வீட்டு மனிதர்கள் ஒவ்வொருவராக முன்னால் வந்து, இதைச் செய்கிறோம், அதைப் பார்த்துக்கொள்கிறோம் என்று வாக்குக் கொடுக்க வேண்டும். எந்த வாக்குக்கும் காக்கை மசியாவிட்டால், தர்ப்பையில் செய்த காக்கையால் பிண்டத்தைத் தொட்டுவிட்டு எழுந்து போகலாம்; சாஸ்திரத்தில் அதற்கும் இடம் உண்டு. நானாவின் மேடையில் அரை மணியில் முடிந்துவிடும். சுலபாவின் மேடையில் எப்போது முடியும் என்று கிருஷ்ணா நதிக்கே தெரியாது.

யாராவது கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, அந்தத் தர்ப்பைக் காக்கையை எடுங்களேன் என்று சொன்னால் தீர்ந்தது.

"புல்லுக்குக் காது கிடையாது. நீ சொல்றது அதுக்குக் கேக்காது. உக்காரு."

பன்னிரண்டு வருஷத்தில் அது அவர் இடுப்பை விட்டு வெளியே வந்ததை நான் இரண்டு தடவைதான் பார்த்திருந்தேன். இரண்டும் காக்கையே பறக்க முடியாத அடைமழைக் காலம்.

எங்கள் ஊருக்குப் பெயர் வாயி, புனே பக்கம். நான் கல்யாணமாகி இங்கே வந்தபோது, வாயாடி உனக்காகவே பெயர் வைத்த ஊர் என்று என் அண்ணன் சிரித்தான். இருபத்தாறு வருஷம் ஆகிறது. வீட்டுப் பின்கதவைத் திறந்தால் படித்துறை. விடிந்ததும் சாவுக் காரியத்தையா பார்ப்பது என்று ஆரம்பத்தில் கதவைச் சாத்தியே வைத்திருந்தேன். இப்போது காபித் தம்ளரும் கையுமாக அந்த வாசற்படியில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சுலபா வந்த பிறகு வந்த பழக்கம். ஊரில் எல்லோருக்கும் அவர் தாயி. இங்கே தாயி என்றால் அக்கா. அவருக்கு நான் மதராசி. என் ஊர் திருநெல்வேலி என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன், அந்தப் பெயர் அவர் நாக்கில் ஏற மாட்டேன் என்கிறது.

ஐம்பத்தெட்டு வயது. குள்ளமான உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, காலில் ஓட்டப்பந்தயக்காரர்கள் போடுகிற ஷூ. அதைப் படித்துறை முனையில் கழற்றி வைத்துவிட்டுத்தான் இறங்குவார். வெள்ளை ஸ்கூட்டரில் வருவார், முன்னால் தர்ப்பைக் கட்டு, பின்னால் எள்ளும் அரிசிமாவும் வைத்த பை. இடுப்பில் ஒரு பெரிய ஊக்கில் சாவிக்கொத்து தொங்கும். மந்திரத்தைக் கணீரென்று சொல்வார். ஆனால் வாக்குக் கொடுக்கும் நேரம் வந்துவிட்டால் சமஸ்கிருதம் கிடையாது. அவரவர் வீட்டில் பேசுகிற பேச்சில், சத்தமாகச் சொல்ல வேண்டும். "காக்கா மரத்து மேலே இருக்கு. முணுமுணுத்தா அதுக்கென்ன தெரியும்?" என்பார்.

வெளிநாட்டில் இருக்கிற சொந்தக்காரர்களுக்காகக் கைப்பேசியைக் குச்சியில் மாட்டி நீட்டுவார்கள் இல்லையா, அது மட்டும் அவருக்கு ஆகாது. கைப்பேசியைப் பற்றி ஒன்றும் இல்லை, குச்சியைப் பார்த்தால் காக்கை கிட்டே வராதாம். அதனால் கைப்பேசியை ஒரு செம்பில் சாய்த்து வைத்துவிடுவார். கனடாவில் இருக்கிற மருமகளும் அந்தச் செம்புக்குள்ளிருந்து வாக்குக் கொடுத்தாக வேண்டும்.

வாக்கு என்றால் அவரிடம் விளையாட்டு இல்லை. கரும்பு லாரி ஓட்டுகிற ஒருத்தன், அப்பாவின் பிண்டத்துக்கு முன்னால் நின்று, இனிமேல் குடிக்க மாட்டேன் என்று அவசரத்தில் சொல்லிவிட்டான். சொல்லி வாயை மூடவில்லை, காக்கை இறங்கிவிட்டது. நாலாம் நாள் தாயி வீட்டு வாசலில் வந்து நின்று, அதைத் திரும்ப வாங்கிக்கொள்ள ஏதாவது பரிகாரம் உண்டா என்று தலையைச் சொறிந்தான். "என்கிட்ட ஏன் கேக்கறே? யார்கிட்ட சொன்னியோ அதுகிட்டப் போய்க் கேளு" என்று சொல்லி அனுப்பிவிட்டார். பாவம், ஒரு மத்தியானம் முழுக்கப் படித்துறையில் காக்கைகள் உட்காரும் அரசமரத்தடியில் நின்றான். மூன்று வருஷமாகக் குடிப்பதில்லை. காக்கையைக் கண்டால் மட்டும் முறைக்கிறான். அதிலிருந்து தாயி எல்லோரையும் முன்கூட்டியே எச்சரித்துவிடுகிறார், யோசித்துச் சொல்லுங்கள், அது வந்துவிடும், அப்புறம் மாட்டிக்கொள்வீர்கள் என்று.

எனக்கு இதிலெல்லாம் பெரிய நம்பிக்கை கிடையாது. பசித்தால் காக்கை வரும், வயிறு நிறைந்திருந்தால் வராது, இதில் போனவரின் ஆசை எங்கே வந்தது என்று ஒருநாள் தாயியிடமே கேட்டுவிட்டேன். கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால் அவர் தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்.

"பசிக்கே வரட்டுமே, மதராசி. அது வர்ற வரைக்கும் இவங்க உக்காந்து பேசறாங்க இல்லே? வீட்டிலே பத்து நாளா பேசாததை இங்கே பேசறாங்க. அதுக்கு வேற இடம் எங்கே இருக்கு, நீயே சொல்லு."

யோசித்துப் பார்த்தேன். வக்கீல் ஆபீஸ் இருக்கிறது, குடும்ப வாட்ஸப் குழு இருக்கிறது, மனசு சரியில்லை என்றால் போய்ப் பேச டாக்டர் இருக்கிறார். ஆனால் பேசி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்திருக்கக் கூடாது என்கிற கட்டாயம் அங்கெல்லாம் கிடையாது. எவனோ எந்தக் காலத்திலோ சரியாக யோசித்துத்தான் வைத்திருக்கிறான்.

அந்தச் சாவிக்கொத்தைப் பற்றியும் கேலி செய்திருக்கிறேன். வீட்டில் அப்படி என்ன வைரமா கொட்டிக் கிடக்கிறது, குளிக்கும்போதும் கழற்ற மாட்டீர்களா என்றேன். தாயி சிரிக்கவில்லை. அவர் கணவர் தவறியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. பத்தாம் நாள் படித்துறைக்கே அவரை அழைத்துப் போகவில்லை. காக்கை பத்து நிமிஷம் வரவில்லையாம், தர்ப்பைக் காக்கையால் தொட்டு முடித்துவிட்டு எல்லோரும் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். வந்தபோது சாவிக்கொத்து மைத்துனர் கையில் இருந்தது. ஆறு வருஷம் தன் வீட்டிலேயே பின்கட்டு அறையில் இருந்துவிட்டு, ஒரு வழியாகச் சாவியை மீட்டு, வீட்டு வாசற்கதவைத் தானே பூட்டிக்கொண்டு புனேவுக்குப் போய்ப் புரோகிதம் படித்தார்.

"அவங்க யாரும் கெட்டவங்க இல்லே. யாரும் என்னைக் கேக்கலை, அவ்வளவுதான்" என்றார்.

அதனால்தான் தாயியின் மேடையில் கணவரை இழந்தவளுக்கு முன்வரிசை. பெண்கள் படித்துறைக்கு வருகிற வழக்கமில்லையே என்று யாராவது இழுத்தால், "பொண்டாட்டிக்குத் தெரியாத ஆசை காக்காவுக்கா தெரியும்?" என்று ஒரே போடாகப் போட்டுவிடுவார்.

போன தை மாதம் மாதவராவ் பர்வே போய்ச் சேர்ந்தார். தபால் ஆபீசில் முப்பத்துநாலு வருஷம் இருந்தவர். அவர் மனைவி வத்சலாபாய் எனக்குச் சீட்டாட்டக் கூட்டாளி. தினமும் மூன்று மணிக்கு அவர் வீட்டுக் கூடத்தில் நாங்கள் நாலு பேர் ரம்மிக்கு உட்கார்ந்துவிடுவோம். எழுபத்தோரு வயதில் அந்த அம்மாள் எப்படித்தான் ஏமாற்றுகிறார் என்று இன்றுவரை எங்களால் கண்டுபிடிக்க முடியவில்லை. கொல்லையில் இரண்டு எலுமிச்சை மரம், தெருக்கோடியில் ஆறு, கூடத்தில் சீட்டுக்கட்டு. அவருக்கு அது போதும்.

ஒரே பையன் நிஷிகாந்த் ஹைதராபாத்தில் இருக்கிறான், பதினாலாவது மாடியில் வீடு. தங்கமான பிள்ளை. அம்மாவைத் தனியாக விடமாட்டேன், காரியம் முடிந்ததும் வீட்டைப் பூட்டிவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று வந்த அன்றே சொல்லிவிட்டான். இந்தக் காலத்தில் இப்படி ஒரு மகனா என்று ஊரே மெச்சியது. ஏழாம் நாள் நான் போனபோது வத்சலாபாய் அடுக்களையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு எங்கேயும் போக இஷ்டமில்லை, அந்த மாடியிலிருந்து எட்டிப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்றார். அவனிடம் சொல்ல வேண்டியதுதானே என்றேன்.

"கெட்டவனா இருந்தா முடியாதுன்னு சொல்லிடலாம். நல்லவன்கிட்ட எப்படிச் சொல்றது?"

நானே அவனிடம் பேசிப் பார்க்கலாமா என்று நினைத்தேன். ஆனாலும் அடுத்த வீட்டு விஷயம். ஊரெல்லாம் பேசுகிற இந்த வாய் அன்றைக்குத் திறக்கவில்லை. தாயியிடம்கூட நான் சொல்லவில்லை.

பத்தாம் நாள் காலை படித்துறையில் பதினைந்து பேர். தலையை மழித்துக்கொண்டு ஈர வேட்டியோடு நிஷிகாந்த், முன்வரிசையில் வத்சலாபாய், அவருக்குப் பக்கத்தில் நான். பிண்டம் வைத்தாயிற்று. அரசமரத்தில் ஏழெட்டுக் காக்கைகள் உட்கார்ந்துகொண்டு எங்களை வேடிக்கை பார்த்தன. அப்பாவின் சைக்கிளை விற்க மாட்டேன் என்று நிஷிகாந்த் சொன்னான். ஒன்றும் அசையவில்லை. பண்டரிபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வருஷா வருஷம் சாப்பாடு போடுவோம் என்று அவன் மாமா சொன்னார். ஒரு காக்கை கழுத்தைத் திருப்பிக்கொண்டது. இன்னும் என்னென்னவோ சொல்லிப் பார்த்தார்கள். முக்கால் மணி ஆயிற்று. நிஷிகாந்த் மறுபடி முன்னால் வந்தான்.

"அப்பா, அம்மாவைப் பத்திக் கவலைப்படாதீங்க. பதிமூணாம் நாள் முடிஞ்சதும் வீட்டைப் பூட்டிட்டு அம்மாவை என்கூடக் கூட்டிட்டுப் போயிடறேன். கடைசிவரைக்கும் நான் வச்சுப் பாத்துக்கறேன்."

காக்கை ஒன்று கிளையை விட்டுப் படியில் இறங்கியது. சுற்றிலும் எல்லோரும் மூச்சு விட்டார்கள், யாரோ ஒரு அம்மாள் விசும்பினாள். அந்த நேரத்தில் வத்சலாபாயின் கை தன் இடுப்புக்குப் போனதை நான் பார்த்தேன். சேலைக் கொசுவத்தின் ஓரத்தில் எதையோ தடவித் தேடியது. அங்கே ஒன்றும் இல்லை. வெறும் கை திரும்பி வந்து மடியில் விழுந்தது.

தாயியும் பார்த்துவிட்டார். காக்கை தத்தித் தத்திப் பிண்டத்துக்கு ஒரு முழம் இருக்கும்போது, இடுப்பிலிருந்த தர்ப்பைக் காக்கையை உருவி அதன் மேலே வீசினார்.

நிஜக் காக்கை அலறிக்கொண்டு மரத்துக்குப் பறந்தது. புல் காக்கை ஆற்றில் விழுந்து மிதந்து போயிற்று. பக்கத்து மேடையில் நானாவுக்கு மந்திரம் பாதியில் நின்றுவிட்டது. பிண்டத்துக்கு வந்த காக்கையைப் புரோகிதரே விரட்டியதை இந்தக் கிருஷ்ணா ஆற்றங்கரை இதற்கு முன் பார்த்திருக்காது. மாமா எழுந்து நின்று, பைத்தியமா பிடித்திருக்கிறது உனக்கு என்று கத்தினார்.

"பேச்சு இன்னும் முடியலை. அது அவசரப்பட்டு வந்துடுச்சு" என்றார் தாயி. குரலில் ஒரு பதற்றமும் இல்லை. பிறகு வத்சலாபாய் பக்கம் திரும்பி, "உங்க வீட்டுச் சாவி எங்கே?" என்று கேட்டார்.

வத்சலாபாய் தலையைக் குனிந்துகொண்டே, நிஷியிடம் இருக்கிறது என்றார். நிஷிகாந்துக்கு ஒன்றும் புரியவில்லை. துக்கத்துக்கு ஆட்கள் வருவதும் போவதுமாக இருந்தார்கள், அம்மாவுக்கு எதற்குச் சிரமம் என்று முதல் நாளே வாங்கி வைத்துக்கொண்டேன் என்றான். அரைஞாண் கயிற்றில் முடிந்திருந்தான். அவன் நினைத்தது நல்லதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மாமா விடுவதாக இல்லை. நேரமாகிறது, இன்னொரு தர்ப்பைக் காக்கையைச் செய்து தொட்டு முடி, இதுவரை சொன்ன வாக்கே போதும் என்றார். தாயி தர்ப்பைக் கட்டை எடுத்துப் படியில் போட்டு அதன் மேலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். இனி யார் அவரைக் கிளப்புவது? அப்படியே வத்சலாபாயைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

"பையன்கிட்ட சொல்ல வேண்டாம். அவர்கிட்ட சொல்லுங்க. அவர்கிட்ட சொல்றதுக்குத்தானே வந்திருக்கோம்."

வத்சலாபாய் பிண்டத்தின் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான். மகனின் முகத்தைப் பார்க்காமல் பேசலாம், ஆனால் அவன் காதில் விழும். இதற்காகவே அந்தக் காலத்தில் இப்படி ஒரு நாளை வைத்தார்களோ என்று எனக்குத் தோன்றியது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இதப் பாருங்க, நான் எங்கேயும் போகலை. நம்ம வீட்டிலேயே இருக்கேன். உடம்புக்கு முடியலேன்னா நானே அவனைக் கூப்பிட்டுச் சொல்றேன். அதுவரைக்கும் என் கதவை நான்தான் திறப்பேன், நான்தான் பூட்டுவேன்."

நிஷிகாந்தின் முகம் சிவந்துபோயிற்று. எல்லோர் முன்னாலும் அவனுக்குத் தலைகுனிவாகிவிட்டதே என்று எனக்குப் பகீரென்றது. அவன் கண் கலங்கி, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா அம்மா என்றான்.

"நீ எங்கேடா கேட்டே? கூட்டிட்டுப் போறேன்னு சொன்னே."

அவன் குனிந்து அரைஞாண் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தான். ஈரத்தில் அது இறுகியிருந்தது. விரலுக்கு மசியவில்லை. மாமா கிட்டே போனார், தாயி கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டார். அவனாகவே முட்டி மோதி அவிழ்த்து, சாவிக்கொத்தை அம்மாவின் உள்ளங்கையில் வைத்தான். பிறகு மரத்தைப் பார்த்து, சத்தமாக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"அப்பா, அம்மா இங்கேதான் இருப்பா. நான் மாசம் ஒரு தடவை வருவேன். வந்து கதவைத் தட்டுவேன்."

உடனே காக்கை வந்துவிட்டது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. அடி வாங்கிய பயம் அதற்கு. வெயில் ஏறியது, நானா மூன்றாவது காரியத்தை முடித்துவிட்டார், மாமா இரண்டு தடவை பெருமூச்சு விட்டார். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. நம்பிக்கை இல்லாத நான், வாயேன் சனியனே, வந்து தொலையேன் என்று எனக்குள்ளே கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். பிண்டம் வைத்த இலையோரமாக ஒரு கறுப்பு நிழல் வந்தது. ஒரு வாய் சோற்றைக் கொத்திக்கொண்டு போயிற்று. முதலில் வந்த காக்கைதான் அது என்று தாயி சத்தியம் செய்கிறார். எனக்கு எல்லாக் காக்கையும் ஒன்றுதான். ஆனால் வாய்விட்டு அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும்.

காரியம் முடிந்து படியேறுகிறவர்கள் திரும்பிப் பார்க்கக் கூடாது. தாயியிடம் இதில் சலுகை கிடையாது, திரும்பினால் அதட்டுவார். மாமா போனார், உறவுக்காரர்கள் போனார்கள், செருப்பைத் தேடிக்கொண்டு நிஷிகாந்த் போனான். கடைசியாக வத்சலாபாய் ஒவ்வொரு படியாகத் தனியாக ஏறினார். கீழே தாயி அடுத்த காரியத்துக்கு முன்னால் புதிய தர்ப்பையை உருவி, நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு அடுத்த காக்கைக்கு முறுக்கிக்கொண்டிருந்தார்.

மேல்படியில் வத்சலாபாய் நின்றார். திரும்பவில்லை. கையை மட்டும் முதுகுப் பக்கம் கொண்டுவந்து, அதிலிருந்த சாவிக்கொத்தை இரண்டு தடவை குலுக்கினார்.

வாயில் புல் இருந்ததால் தாயியால் பேச முடியவில்லை. பாதி முறுக்கிய காக்கையை மடியில் வைத்துவிட்டு, இடுப்பில் தொங்கிய தன் சாவிக்கொத்தைப் பிடித்து, படியின் உச்சிவரை கேட்கும்படி குலுக்கினார்.